கேஸ்கர் சாத்தின கதவும் கொழும்பு திறந்த ஜன்னலும்

ரேடியோவில் உள்நாட்டுப் பாட்டு இத்தனை சதவீதம் போட்டே ஆகணும்னு சட்டம் வச்சிருக்கிற நாடுகள் கொஞ்ச நஞ்சமில்லை. கனடா 1971ல் ஆரம்பிச்சது. அப்போ நூத்துக்கு 30, 1999லிருந்து 35. பிரான்ஸ் 1994ல் சட்டம் போட்டு 1996லிருந்து நூத்துக்கு 40 பிரெஞ்சுப் பாட்டுன்னு வச்சது. பிலிப்பைன்ஸில் 1987லிருந்து, பாட்டு போடுற ஸ்டேஷன்கள் மணிக்கு குறைஞ்சது 4 சொந்த நாட்டுப் பாட்டு போடணும். இப்போ எல்லாரும் செல்போன்ல பாட்டு கேக்கிற காலத்துல இந்த மாதிரி சட்டத்துக்கெல்லாம் என்ன அர்த்தம்னு அங்கெல்லாம் பெரிய விவாதம் ஓடிக்கிட்டிருக்கு.

இதையெல்லாம் படிக்கும்போது, "நமக்கு எதுக்குப்பா இந்தக் கவலை, நம்ம ரேடியோல எப்பவும் நம்ம பாட்டுதானே ஓடுது"ன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்த்தா, இந்தப் பங்குச் சண்டையில நம்ம காவிரிக் கரை மாதிரி அடிபட்ட ஊர் வேற இருக்காதுன்னு தெரியுது. யார் பாட்டு ஒலிக்கணும், அதை யார் முடிவு பண்றது, பாடுறவனுக்கு யார் படி அளக்கிறது. இந்த மூணு கேள்வியும் ஆயிரம் வருஷமா இங்கேயே சுத்திக்கிட்டிருக்கு.

*

முதல்ல பெரிய கோயில்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள்ல ஒண்ணு, தேவாரம் பாட ராஜராஜன் நியமிச்ச ஆட்களோட பட்டியல். பதிகம் பாட 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருத்தர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருத்தர். மொத்தம் 50 பேர். ஒவ்வொருத்தருக்கும் நாளொன்றுக்கு முக்குறுணி நெல். 12 குறுணி ஒரு கலம். அப்போ ஐம்பது பேருக்கும் சேர்த்து தினம் பன்னிரண்டரைக் கலம் நெல், பாட்டுக்காக மட்டும். ஒருத்தர் செத்துப்போனா, இல்லை ஊரைவிட்டுப் போனா, அவர் உறவுல அடுத்தவர் அந்த நெல்லை வாங்கிக்கிட்டுப் பாடணும்; அவருக்குத் தகுதி இல்லைன்னா தகுதியான இன்னொருத்தரை வைக்கணும்னு வரைக்கும் எழுதியிருக்கு. அதே கோயில்ல 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கு ஒரு வீடும், வருஷத்துக்கு 100 கலம் நெல் பங்கும்.

இதுல கவனிக்க வேண்டியது, ராஜா எந்தப் பாட்டையும் தடை பண்ணலை. "இது பாடாதே"ன்னு ஒரு வரி கிடையாது. "இது தினமும் பாடப்படணும், பாடுறவன் பட்டினி கிடக்கக் கூடாது"ங்கிறது மட்டும்தான். நம்ம ஊரின் முதல் ஒதுக்கீடு இதுதான்னு வச்சுக்கலாம். இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

*

அப்புறம் நாயக்கர் வந்தாங்க, மராட்டியர் வந்தாங்க. அரண்மனையில தெலுங்கு ஏறிடுச்சு. தியாகராஜர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூணு பேருமே திருவாரூர்ல பிறந்தவங்க. தியாகராஜர் பாடினது தெலுங்கு, தீட்சிதர் பெரும்பாலும் சமஸ்கிருதம், சாஸ்திரி பெரும்பாலும் தெலுங்கு. இவங்களுக்கு முன்னாடியே சீர்காழிப் பக்கம் முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளைன்னு தமிழ்ல எழுதினவங்க இருந்தாங்க. ஆனா கச்சேரி மேடையில தமிழ், கடைசியில வர்ற துக்கடாவா சுருங்கிப் போச்சு.

இந்த இடத்துலதான் தமிழிசை இயக்கம். 1929ல் சிதம்பரத்துல இசைக் கல்லூரி தொடங்கின ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1941 ஆகஸ்ட்ல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல ஒரு தமிழிசை மாநாடு கூட்டினார். 1943ல் சென்னையில தமிழ் இசைச் சங்கம். கல்கி, ராஜாஜி, டி.கே.சி., ஆர்.கே. சண்முகம் செட்டியார் எல்லாரும் ஆதரவு. மியூசிக் அகாடமி பக்கம், இசையின் தரத்துல மொழியைக் கொண்டுவந்து நுழைக்காதீங்கன்னு எதிர்ப்பு.

அந்தச் சண்டையில ரேடியோவும் மாட்டிக்கிச்சு. காரணம், சென்னை நிலையம் 1938லயும் திருச்சி நிலையம் 1939லயும் அப்பத்தான் வந்திருந்தது. கச்சேரிக்கு டிக்கெட் வாங்கிப் போக முடியாதவன் காதுலயும் இப்போ பாட்டு விழுது. அப்போ அந்தப் பாட்டு எந்த மொழியில இருக்கணும்? வானொலியில தமிழ்ப் பாட்டுக்குக் கூடுதல் நேரம் வேணும்னு தமிழிசைக்காரங்க கேட்டாங்க. இன்னைக்கு பாரிஸ்ல கேக்கிறதை நாம அன்னைக்கே கேட்டுட்டோம்.

இங்கே ஒரு சுவாரசியமான சிக்கல் இருக்கு. "உள்நாட்டுப் பாட்டு"ன்னா எதுன்னு அளக்க உலகத்துல ரெண்டு அளவுகோல் இருக்கு. பிரான்ஸ் பார்க்கிறது பாட்டின் மொழியை. கனடா பார்க்கிறது பாட்டு பண்ணின ஆளை. இசையமைச்சவர், பாடினவர், வரி எழுதினவர், பதிவான இடம். இந்த நாலுல ரெண்டாவது கனடாவா இருக்கணும். இந்த ரெண்டையும் தியாகராஜர் மேல வச்சுப் பாருங்க. கனடா கணக்குப்படி அவர் பக்கா டெல்டாக்காரர். பிறந்தது திருவாரூர், வாழ்ந்து முடிஞ்சது திருவையாறு. பிரான்ஸ் கணக்குப்படி அவர் வெளியூர்! ஒரே மனுஷன், ஒரே பாட்டு, அளவுகோலை மாத்தினா ஊரே மாறிடுது.

அகாடமிக்காரங்க கையில கனடா தராசு, தமிழிசைக்காரங்க கையில பிரான்ஸ் தராசு. ரெண்டு பேரும் ஒரே சரக்கைத்தான் நிறுத்தாங்க. ஆனா தமிழிசைக்காரங்க பக்கம் ஒரு நியாயம் இருந்துது. வயல்ல நிக்கிற ஆளுக்கு அந்தப் பாட்டு புரியணுமா வேண்டாமா? திருச்செங்காட்டங்குடிக்காரரான தண்டபாணி தேசிகர் திருவையாற்று ஆராதனையில தமிழ்ல பாடினது 1946ல் எவ்வளவு பெரிய சர்ச்சையாச்சுன்னு பழைய ஆட்களுக்குத் தெரியும். கருணாநிதி அதைப் பத்தி "தீட்டாயிடுத்து"ன்னு குடிஅரசுல எழுதினார். தமிழ்நாட்டுக்கு நடுவுல, காவிரிக் கரையில, தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேக்க வேண்டியிருந்துச்சு.

*

சுதந்திரம் வந்தப்போ இந்தியாவுக்கு மிஞ்சின வானொலி நிலையங்கள் மொத்தமே ஆறு. டெல்லி, பம்பாய், கல்கத்தா, லக்னோ, சென்னை, திருச்சி. ஆமாங்க, அந்த ஆறுல திருச்சி ஒண்ணு. தஞ்சாவூர்லிருந்து கொடியாலம், மன்னார்குடி, நாகப்பட்டினம் வரைக்கும் ரேடியோன்னா திருச்சிதான்.

1952ல் தகவல் ஒலிபரப்பு மந்திரியா வந்தார் பி.வி. கேஸ்கர். பத்து வருஷம், 1962 வரைக்கும் இருந்தார். சாஸ்திரீய சங்கீதத்துல பயிற்சி உள்ளவர். நல்ல எண்ணம் உள்ளவர்னே சொல்லணும். ராஜாக்களும் ஜமீன்தார்களும் போயாச்சு, இனி சங்கீத வித்வான்களைக் காப்பாத்த வேண்டியது சர்க்கார்தான். அதுக்குக் கருவி ரேடியோன்னு நினைச்சார். அதுல தப்பே இல்லை. 1952ல் ஆரம்பிச்ச இசைத் தேசிய நிகழ்ச்சி, கலைஞர்களைத் தேர்வு வச்சு தரம் பிரிக்கிற முறை, வாத்திய விருந்தா, எல்லாம் அவர் காலத்து வேலை. ஒரு நாகஸ்வர வித்வானுக்கோ வாய்ப்பாட்டுக்காரருக்கோ கல்யாண சீசன் முடிஞ்ச பிறகும் செக் வந்துச்சுன்னா அதுக்கு அந்த ஏற்பாடு ஒரு காரணம்.

ஆனா அதோட அவர் நிறுத்தலை. சினிமாப் பாட்டு மலிவானது, மேல்நாட்டு மெட்டைத் திருடினது, ரசனையைக் கெடுக்குதுன்னு அவருக்கு ஒரு கடுப்பு. நேரத்துல நூத்துக்கு 10க்கு மேல சினிமாப் பாட்டு கூடாதுன்னு வச்சார். படத்தோட பேரைச் சொன்னா அது விளம்பரம், சொல்லக் கூடாதுன்னாங்க. பம்பாய் தயாரிப்பாளர்களுக்குக் கோபம் வந்து, எங்க பாட்டே உங்களுக்குக் கிடையாதுன்னு உரிமத்தை எடுத்துட்டாங்க. பத்து சதவீதமா குறையணும்னு ஆரம்பிச்சது கிட்டத்தட்ட ஒண்ணுமில்லாம போயிடுச்சு.

கவனிங்க, கேஸ்கர் தடுத்தது வெளிநாட்டுப் பாட்டை இல்லை. உள்நாட்டுப் பாட்டை, இன்னொரு உள்நாட்டுப் பாட்டுக்காக. கனடாவுக்குப் பக்கத்துல அமெரிக்கான்னு ஒரு பூதம் இருந்துச்சு. இங்கே பூதமும் நம்ம வீட்டுப் பிள்ளைதான்.

*

கேஸ்கருக்குத் தெரியாத ஒரு விஷயம், நாகப்பட்டினத்துல ரேடியோ வச்சிருந்த எந்த டீக்கடைக்காரருக்கும் தெரியும். முள்ளைக் கொஞ்சம் திருப்பினா கொழும்பு.

ரெண்டாம் உலகப் போர்ல மவுன்ட்பேட்டனோட தென்கிழக்காசியத் தலைமையகம் இலங்கையில இருந்துச்சு. படைவீரர்களுக்காக வச்ச பலமான சிற்றலை ஒலிபரப்பிகள் போர் முடிஞ்ச பிறகு இலங்கை கைக்கு வந்தது. அதை வச்சு ரேடியோ சிலோன் வர்த்தக சேவை நடத்த ஆரம்பிச்சது. கேஸ்கர் கதவைச் சாத்தின அதே 1952ல், டிசம்பர் மாசம், அமீன் சயானியோட பினாகா கீத்மாலா கொழும்புல ஆரம்பிச்சது. பற்பசை விளம்பரம், இந்தியப் பாட்டு, இந்திய நேயர். காசு மட்டும் இலங்கைக்கு! பத்து வீட்டு ரேடியோவை எட்டிப் பார்த்தா ஒன்பதுல சிலோன் பாடுது, பத்தாவது ரிப்பேர்னு ஒரு கதை அந்தக் காலத்துல உலவிச்சு.

தமிழுக்கு இது இன்னும் பொருந்தும். இந்திக்காரங்களுக்கு ரேடியோ சிலோன் தூரத்து ஊர். நமக்கு அப்படியா? கோடியக்கரையில நின்னா எதிர்ல யாழ்ப்பாணம். மத்திய அலைக்கு ஒரு குணம் உண்டு, நிலத்தைவிட உப்புத் தண்ணி மேல நெடுந்தூரம் போகும். கரையோர ஊர்கள்ல திருச்சி மாதிரியே இலங்கையும் கணீர்னு கேட்கும். அதோட அறிவிப்பாளர்களோட தமிழ். மயில்வாகனன், அப்புறம் ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது. காலையில பொங்கும் பூம்புனல், பிறந்தநாள் வாழ்த்து, பாட்டுக்குப் பாட்டு. நேயர் பேரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, விரும்பிக் கேட்ட பாட்டைப் போட்டாங்க. திருச்சி ரேடியோ நமக்கு நல்லது எதுன்னு யோசிச்சது. கொழும்பு, உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டது. வித்தியாசம் அவ்வளவுதான்.

1957 அக்டோபர் 3ம் தேதி டெல்லி இறங்கி வந்து விவித பாரதியை ஆரம்பிச்சது. பத்து வருஷம் கழிச்சு 1967ல் அதுல விளம்பரத்தையும் விட்டது. சினிமாப் பாட்டு வேண்டாம்னு சொன்ன அதே நிறுவனம் சினிமாப் பாட்டுக்குன்னே தனி அலைவரிசை வச்சது. காதுக்கு வேற வழி இருக்கும்போது சட்டத்தால ரசனையை மாத்த முடியாதுங்கிற பாடத்துக்கு இந்தியா அஞ்சு வருஷம் ஃபீஸ் கட்டியிருக்கு. இன்னைக்கு ஒவ்வொரு செல்போனும் ஒரு ரேடியோ சிலோன். இதைப் புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் சுலபமா புரியும்.

*

இந்தக் கதைக்கு ஒரு மறுபக்கம் இருக்கு, நாம பொதுவா அதைப் பேசறதில்லை. நமக்குக் கொழும்பு ஜன்னல். ஆனா ஈழத்துத் தமிழ்க் கலைஞருக்கு? அவங்க ஊர் ரேடியோவில முழுக்க முழுக்கக் கோடம்பாக்கத்துப் பாட்டு! யாழ்ப்பாணத்துல ஒருத்தர் பாட்டு எழுதி மெட்டுப் போட்டா, அது டி.எம்.எஸ்., சுசீலாவோட போட்டி போடணும். அவங்களுக்கு நாமதான் அமெரிக்கா.

1970கள்ல இலங்கை அரசு இந்தியப் பத்திரிகை, படம் இறக்குமதியெல்லாம் கட்டுப்படுத்தின காலத்துல, இலங்கை வானொலியில ஈழத்து மெல்லிசைப் பாட்டுகளுக்குத் தனி இடம் கிடைச்சது. "சின்ன மாமியே" பாடின நித்தி கனகரத்தினம், "சுராங்கனி" மனோகரன் மாதிரி பொப் பாட்டுக்காரங்க வந்தது அந்தக் காலத்துலதான். அதுல "சுராங்கனி" கடலைத் தாண்டி இங்கேயும் வந்து, நம்ம ஊர்ப் பிள்ளைங்க வாயில ஏறிடுச்சு. கொஞ்சம் இடம் கிடைச்சா பாட்டு தானே வழி கண்டுபிடிச்சுப் போகும்ங்கிறதுக்கு இது நல்ல உதாரணம். அதனால கோட்டான்னாலே தப்புன்னு ஒரே போடா போட முடியாது.

*

அடுத்த கேள்வி: சல்லடை யார் கையில?

திருச்சி வானொலியை அந்தக் காலத்துல காலையில திறந்தா முதல்ல மங்கள இசை. நாகஸ்வரமும் தவிலும். யாரும் அதை கோட்டான்னு சொன்னதில்லை, ஆனா அது கோட்டாதான். தினமும் கட்டாயம், நல்ல நேரம், நல்ல வித்வான். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை மாதிரி மகா வித்வான்கள் பிறந்த மண்ணோட வாத்தியம், கோயில் திருவிழா இல்லாத நாள்லயும் ஊர் முழுக்கக் கேட்டுது. இது ராஜராஜன் வழி. யாரையும் தடுக்கலை, ஒண்ணுக்கு நிரந்தரமா ஒரு இடம் போட்டுக் கொடுத்துடுச்சு.

ஆனா அதே வானொலியில 1946ல், படேல் பொறுப்புல இருந்தப்போ, "ஒழுக்கம்" சரியில்லாதவங்கன்னு சொல்லி தாசி, கணிகை மரபில வந்த பாடகிகளுக்குக் கதவைச் சாத்தினாங்க. பெரிய கோயில்ல பேர் போட்டு, வீடு கொடுத்து, கல்லுல வெட்டின மரபு அது. எந்த மரபு வளர்த்த இசையைக் காப்பாத்தப் போறோம்னு சொன்னாங்களோ, அந்த மரபின் பெண்களையே வெளியில நிறுத்தினாங்க. ஹார்மோனியத்துக்கும் 1940லிருந்து முப்பது வருஷம் தடை. நாடகக் கொட்டகையில, பஜனை மடத்துல, ஓதுவார் பக்கத்துல இருந்த பெட்டி அது.

ஒதுக்கீடுன்னு வந்தா, யாரை உள்ள விடறதுன்னு முடிவு பண்ற ஆளும் கூடவே வந்துடுவார். அந்த ஆளோட சாதி, ரசனை, பயம் எல்லாம் அதுல இறங்கும். இதை மறந்துட்டு "அரசாங்கம் ஏதாவது பண்ணனும்"னு சொல்றது சுலபம்.

இன்னொண்ணு, எதை அளக்கிறமோ அதை ஏமாத்துறதும் மனுஷ குணம். கனடாவில ஸ்டேஷன்காரங்க உள்நாட்டுப் பாட்டையெல்லாம் ஊர் தூங்குற நேரத்துல கொட்டி கணக்குக் காட்டினாங்க. அதுக்கு அங்கே "பீவர் நேரம்"னு கிண்டல் பேரே உண்டு. பிரான்ஸில பத்துப் பாட்டையே திரும்பத் திரும்பப் போட்டு நாப்பது சதவீதத்தை ரொப்பினாங்க. 2016ல் சட்டத்தைத் திருத்தி அந்த ஓட்டையை அடைக்க வேண்டி வந்துச்சு. 1991ல் பிரையன் ஆடம்ஸ் ஒரு வெளிநாட்டுக்காரரோட சேர்ந்து பாட்டு எழுதினதால, கனடாவோட மிகப் பெரிய பாடகர் கனடாக்காரர் இல்லைன்னு கணக்கு வந்த கூத்தும் நடந்துச்சு. நம்ம ஊர்ல 2006ல் தமிழ்ப் பேர் வச்ச படத்துக்குக் கேளிக்கை வரி கிடையாதுன்னாங்க. ஒரே ராத்திரியில பேரெல்லாம் தமிழாச்சு. உள்ளே பாட்டு வரி பழையபடியே இருந்துச்சு :-)

*

இப்போ ரேடியோ நெல் கதைக்கு வர்றேன். டெல்டாவுக்கு வெளியில இருக்கிறவங்களுக்கு இது புதுசா இருக்கலாம்.

1960கள்ல தஞ்சாவூர் ஜில்லாவில தீவிர விவசாயத் திட்டம் நடந்தது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்துல ஏ.டி.டி. 27னு ஒரு குறுகிய கால நெல் ரகம் வந்தது. அதைப் பத்தி திருச்சி வானொலி பண்ணை ஒலிபரப்புல விடாம சொன்னாங்க. எப்போ நாத்து விடணும், எவ்வளவு உரம், என்ன பூச்சி. ஜனங்க அந்த ரகத்துக்கு வச்ச பேரே "ரேடியோ நெல்". கடைக்குப் போய் ரேடியோ விதை வேணும்னு கேட்டாங்களாம்.

அதே வானொலி, அதே நேயர். நெல்லை ஏத்துக்கிட்ட ஜனங்க ஏன் கேஸ்கரோட பாட்டை ஏத்துக்கலை? எனக்குத் தோணுறது இதுதான். நெல் விஷயத்துல வானொலி யார்கிட்டயும் பழைய விதையைப் பிடுங்கலை. புதுசை முன்னாடி வச்சது, திரும்பத் திரும்ப விளக்கினது, சந்தேகம் கேட்டா பதில் சொன்னது. பக்கத்து வயல்ல விளைஞ்சதைப் பார்த்து இவனும் போட்டான். பாட்டு விஷயத்துல பிடிச்சதைப் பிடுங்கிட்டு, பிடிக்காததைக் கையில கொடுத்து, இதுதான் உனக்கு நல்லதுன்னாங்க. எவன் கேப்பான்?

*

தனியார் பண்பலை வந்து 2000களோட பின்பாதியில திருச்சியில சூரியன், ஹலோ ரெண்டும் ஒலிக்க ஆரம்பிச்சது. உள்நாட்டுப் பாட்டு, சினிமா அல்லாத பாட்டுன்னு எந்தப் பங்கும் விதிக்கலை. ரொம்பச் சுதந்திரம். அதோட விளைவு, எல்லா ஸ்டேஷன்லயும் ஒரே சினிமாப் பாட்டு. முழுக்கத் தமிழ், முழுக்க உள்நாடு. பிரான்ஸ்காரனைக் கூப்பிட்டு நம்ம ஸ்டேஷனை அளக்கச் சொன்னா நூத்துக்கு நூறு கொடுத்துட்டுப் போயிடுவான். ஆனா அந்த நூறுக்குள்ள ஓதுவார் எங்கே? தெம்மாங்கு எங்கே? நரசிங்கம்பேட்டையில ஆச்சா மரம் கடைஞ்சு செய்யிற நாகஸ்வரத்துக்கு 2022ல் புவிசார் குறியீடு கிடைச்சது. வாத்தியத்துக்கு முத்திரை கிடைச்சாச்சு, அதை வாசிக்கிற சத்தத்துக்கு அலைவரிசையில இடம் இல்லை. நாகப்பட்டினம் பக்கம் விழுந்தமாவடி களஞ்சியம், வல்லத்துல பெரியார் மணியம்மை மாதிரி சமுதாய வானொலிகள்தான் உள்ளூர்க் குரலுக்கு மிச்சம். அதுவும் சில கிலோமீட்டர் தூரத்துக்குத்தான் எட்டும்.

அப்புறம் செல்போன். ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில இந்தியாவுக்கு வந்தது. அதுக்கு முன்னாடியே சாவன், கானா, யூடியூப் எல்லாம் இருந்தது. கோடிக்கணக்கான பாட்டு, கதவே கிடையாது. யார் வேணும்னாலும் பாட்டை ஏத்தலாம். கேஸ்கர் செத்தார், சல்லடை ஒழிஞ்சதுன்னு சந்தோஷப்படத் தோணும். ஆனா சல்லடை ஒழியலை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போயிடுச்சு. அடுத்து என்ன பாட்டு வரும்ங்கிறதை ஒரு கணக்கு முடிவு பண்ணுது. ஏற்கெனவே நிறையப் பேர் கேட்டதை இன்னும் நிறையப் பேருக்குப் போடுது. மந்திரியையாவது பார்லிமென்ட்டுல கேள்வி கேக்கலாம். இதை யார்கிட்ட போய்க் கேக்கிறது?

படி அளக்கிற கதை இன்னும் மோசம். 2024லிருந்து ஸ்பாட்டிஃபையில ஒரு பாட்டு வருஷத்துக்கு 1000 தடவையாவது ஓடலைன்னா அந்தப் பதிவுக்கு ஒரு பைசா கிடையாது. ஒரு ஓதுவாரோட பதிகத்தை 900 பேர் மனசு உருகிக் கேட்டாலும் கணக்குல பூஜ்யம். ராஜராஜன் காலத்துல கேக்க ஆள் இல்லைன்னாலும் முக்குறுணி உண்டு! பெரிய ஹிட்டானா மட்டும் காசு வந்துடுதான்னா அதுவும் இல்லை. 2021ல் "எஞ்சாய் எஞ்சாமி" உலகம் முழுக்க ஓடிச்சு. சினிமா அல்லாத தமிழ்ப் பாட்டுக்கு அப்படி ஒரு வெற்றி அபூர்வம். அந்தப் பாட்டால தங்களுக்கு வருமானமே வரலைன்னு 2024 மார்ச்சில சந்தோஷ் நாராயணன் வெளிப்படையா சொன்னார்.

சட்டமும் ரேடியோவையும் இணையத்தையும் ஒண்ணாப் பார்க்கலை. 2012ல் காப்புரிமைச் சட்டத்துல 31டின்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க. அதன்படி ஒலிபரப்பு நிறுவனங்கள் நிர்ணயிச்ச கட்டணத்தைக் கட்டிட்டுப் பாட்டைப் போடலாம். இணையத்துல பாட்டு விடுற சேவைகளுக்கு அந்தச் சலுகை கிடையாதுன்னு பம்பாய் உயர்நீதிமன்றம் 2019ல் சொல்லி, 2022ல் உறுதியும் பண்ணிடுச்சு. ஆக ரேடியோவுக்கு ஒரு வரப்பு, இணையத்துக்கு வரப்பே இல்லாத வயல்.

*

சரி, வெளியூர்க்காரங்க இப்போ என்ன பண்றாங்க? இணையத்துல நூத்துக்கு இத்தனை பாட்டுன்னு விதிக்க முடியாதுன்னு அவங்களுக்குப் புரிஞ்சுடுச்சு. நேயர் தானே தேர்ந்தெடுக்கிற இடத்துல கோட்டாவை எங்கே கொண்டு போய் மாட்டுறது? அதனால பாட்டை விட்டுட்டுக் காசுப் பக்கம் திரும்பியிருக்காங்க. பிரான்ஸ் 2024லிருந்து இந்தச் சேவைகள் மேல 1.2 சதவீத வரி போட்டு இசைக்கான தேசிய மையத்துக்குக் கொடுக்குது. கனடா 2023ல் சட்டம் போட்டு, 2024 ஜூன்ல பெரிய சேவைகள் அங்கே சம்பாதிக்கிறதுல 5 சதவீதம் உள்நாட்டுக் கலைக்குக் கொடுக்கணும்னு உத்தரவு போட்டுது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயிட்டாங்க, அது தனிக் கதை.

எனக்கு இது புதுசாவே தெரியலை. தடுக்காதே, படி அளன்னு ஒரு ஆள் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி தஞ்சாவூர்ல கல்லுல வெட்டி வச்சுட்டுப் போயிருக்கார்.

நம்ம ஊருக்கு என்ன வேணும்? தமிழ்ப் பாட்டுக்கு ஆபத்து இல்லை, சினிமா பார்த்துக்கும். ஆபத்து சினிமாவுக்கு வெளியில இருக்கிற தமிழ்ப் பாட்டுக்கு. தனியார் பண்பலைக்கு 234 புது ஊர்கள்ல 730 அலைவரிசை கொடுக்கலாம்னு 2024 ஆகஸ்ட்ல மத்திய அமைச்சரவை முடிவு பண்ணுச்சு. தாய்மொழியில உள்ளூர் நிகழ்ச்சிகள் வரும்னு அப்போ காரணம் சொன்னாங்க. சொன்னதை நிபந்தனையா எழுதி வாங்கினா என்ன? தினம் ஒரு மணி நேரம், ஊர் முழிச்சிருக்கிற நேரம், அந்தச் சுத்துவட்டாரத்துல இருக்கிற கலைஞர், கையில சம்பளம். மத்த 23 மணி நேரமும் உங்க இஷ்டம். அதே மாதிரி இணையச் சேவைகள்கிட்டேயிருந்து ஒரு சின்னப் பங்கை வாங்கி, ஆயிரம் தடவை ஓடாத பாட்டுக்காரங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கலாம். யாருக்குன்னு முடிவு பண்ற குழுவுல வித்வான்கள் மட்டும் உக்காராம, தப்பு அடிக்கிறவரும் நடவுப் பாட்டுப் பாடுற அம்மாவும் உக்காரணும். இல்லைன்னா பழைய சல்லடையே திரும்ப வரும்.

இதால எல்லாம் பிழைச்சுடும்னு சொல்ல மாட்டேன். நடவுப் பாட்டு இருந்தது நடவுக்காக. குனிஞ்ச முதுகு வலிக்காம இருக்க, வரிசை தப்பாம இருக்கப் பாடினது. இப்போ நடவு மெஷின் வந்தாச்சு. முதுகு வலி குறைஞ்சதுக்குச் சந்தோஷப்படணும், பாட்டுக்காக அந்த வலி திரும்ப வரட்டும்னு சொல்ல முடியாது. எந்தச் சட்டமும் வேலையைத் திரும்பக் கொண்டுவராது. பாட்டையும் அதைப் பாடத் தெரிஞ்ச கடைசிக் குரல்களையும் வேணா காப்பாத்தலாம். அதுக்கும் ரொம்ப வருஷம் மிச்சமில்லை.

திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்துல நெல் ஜெயராமன்னு ஒருத்தர் இருந்தார். 2018ல் காலமானார். ரேடியோ நெல்லுக்கும் அதுக்கு அப்புறம் வந்த ரகங்களுக்கும் நடுவுல காணாம போய்க்கிட்டிருந்த பாரம்பரிய ரகங்களை, மாப்பிள்ளைச் சம்பா மாதிரி நூத்தைம்பதுக்கு மேல, தேடித் தேடிச் சேர்த்தார். அவர் யாரையும் புது ரகம் போடாதேன்னு தடுக்கலை. வருஷா வருஷம் விதைத் திருவிழா நடத்தி, வந்த விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுத்தார். ஒரே நிபந்தனை, அடுத்த வருஷம் 4 கிலோவா திருப்பிக் கொடுக்கணும். அப்படித்தான் அந்த ரகங்கள் மியூசியத்துக்குப் போகாம வயலுக்குத் திரும்பி வந்துச்சு.

பாட்டுக்கும் அப்படி ஒரு திருவிழா வேணும். சர்க்கார் பண்ணாட்டியும் நாம பண்ணலாம். உங்க ஊர்ல பாடத் தெரிஞ்ச ஒரு வயசானவங்க இருந்தா, இந்தத் தை மாசத்துக்குள்ள போய் உக்காந்து ரெண்டு பாட்டைப் பதிவு பண்ணுங்க. காசு கொடுத்துப் பதிவு பண்ணுங்க. நாலு பேருக்குக் கொடுங்க.